ப்ரீ-ஆத் 40,000, பில் 61,400

சித்திரை எங்களுக்கு ஆள் குறைவான மாதம். மார்கழியில் வரத் தொடங்கும் வெளிநாட்டு விருந்தாளிகள் பங்குனி வெயில் ஏறியதும் நின்றுவிடுவார்கள். அப்புறம் பள்ளி விடுமுறைக்கு நம் ஊர்க் குடும்பங்கள் ஒன்றிரண்டு வந்தால் உண்டு. ஓடு மாற்றுவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கணக்கை நேர்செய்வது எல்லாம் அப்போதுதான். அப்படி ஒரு மத்தியானம் முகப்புத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் கார்டில் 26,800 ரூபாய் கட்டிவிட்டுப் போயிருந்தது. கணக்கில் ஏறியிருந்ததோ ஐயாயிரத்துக்கும் கீழே. வங்கிக் கழிவு எவ்வளவு போனாலும் இவ்வளவு போகாது.

கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அப்பச்சி (அப்பா) கட்டிய வீடு இது. எட்டு அறைகளை ஒழுங்குபண்ணி விடுதியாக நடத்துகிறேன். முன்கட்டில் சின்னதாக ஒரு கடை; கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், அவ்வளவுதான் சரக்கு. வருமானத்தில் பெரும்பகுதி கார்டில்தான் வருகிறது. அந்தக் கார்டு மெஷினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஸ்லிப் வந்தால் பணம் வந்துவிட்டது என்பது மட்டும்தான். அது பாதி உண்மை என்று தெரிய ஒரு சித்திரை மாதம் ஆனது.

மெஷின் கொடுத்த வங்கிக்கு போன் போட்டேன். முக்கால் மணி நேரம் வாத்திய இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். “சார், உங்களுக்கு ஒரு சார்ஜ்பேக் வந்திருக்கு. 21,400 ரூபாய். அதைப் பிடிச்சிட்டுத்தான் மீதியைப் போட்டிருக்கோம். மெயில் அனுப்பியிருந்தோமே.” சார்ஜ்பேக் என்றால், நமக்கு வந்த கார்டுப் பணத்தை வாடிக்கையாளருடைய வங்கி திருப்பி எடுத்துக்கொள்வது. மெயில் போன முகவரி எங்கள் பழைய அரிசி மில்லுடையது. அதைப் பார்த்துவந்த கணக்கர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. பதில் சொல்ல இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி என்றார்.

தேதியைச் சொன்னதும் எனக்கு ஆள் ஞாபகம் வந்துவிட்டது. மாசி மாதம் வந்த நான்கு பிரெஞ்சுப் பெண்கள். மூன்று இரவுக்கென்று வந்து நான்காக்கினார்கள். ஆத்தா சமையற்கட்டில் அவர்களை உட்காரவைத்து வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கிளம்பும் முன்னால் இரண்டு கண்டாங்கி எடுத்தார்கள். வந்த அன்று அவர்களில் மூத்தவருடைய விசா கார்டை மெஷினில் செருகி, 40,000 ரூபாய்க்கு ப்ரீ-ஆத் போட்டிருந்தோம். அதாவது, பணத்தை எடுக்காமல் அவருடைய வங்கியிடம் ‘இவ்வளவை எங்களுக்காக ஒதுக்கி வை’ என்று கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். கடைசிப் பில் 61,400. விடிகாலை நாலரைக்குக் கார். திருச்சியில் கொழும்பு விமானம். வரவேற்பில் இருக்கும் தம்பி கார்டைக் கேட்டிருக்கிறான். “அதான் முதல் நாளே கொடுத்தேனே, அதிலேயே எடுத்துக்கொள்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா காரில் ஏறிவிட்டார். தம்பி சாயங்காலம் மெஷினை எடுத்து, ஒதுக்கிய பணத்தை எடுக்கும் ப்ரீ-ஆத் கம்ப்ளீஷன் என்ற இடத்துக்குப் போய் 61,400 என்று அடித்தான். மெஷின் மறுக்கவில்லை. ஸ்லிப் வந்தது. இரண்டு நாளில் பணமும் வந்தது.

என்ன நடந்திருக்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது. கம்ப்ளீஷன் போடும்போது எங்கள் மெஷின் அவருடைய வங்கியிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. முதல் நாள் வாங்கிய பழைய அனுமதி எண்ணையே ஒட்டி அனுப்பிவிட்டது. அந்த எண் 40,000-க்குக் கொடுத்த எண். மேலே உள்ள 21,400 எங்களுடைய ஆசை, அவ்வளவுதான். சாதாரணமாக இருந்தால் இது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். ஆனால் அந்த அம்மா இலங்கை போய் இறங்கியதும் கார்டைத் தொலைத்துவிட்டார். வங்கியில் சொல்லிக் கார்டை மூடிவிட்டார்கள். மூடிய கணக்குக்கு எங்கள் 61,400 போய் நின்றபோது, ‘நாங்கள் அனுமதித்த நாற்பதாயிரம் மட்டும் எங்கள் பொறுப்பு, மிச்சம் உங்களுடையது’ என்று அந்த வங்கி திருப்பிவிட்டது.

எனக்கிருந்த இரண்டு நாளில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. விருந்தினர் பதிவேட்டில் அவர் கையெழுத்து, பாஸ்போர்ட் நகல், வெளிநாட்டவர் தங்கினால் அரசுக்குப் பதிவு செய்யும் சி படிவம், அம்மியருகில் ஆத்தாவோடு நின்று சிரிக்கும் போட்டோ நான்கு, ஊருக்குப் போன பிறகு அவர் அனுப்பிய நன்றிக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து இருபத்துமூன்று பக்கம் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினேன். இதைப் பார்த்த பிறகும் ஒருவன் மறுக்க முடியுமா என்று பெருமை வேறு.

மறுத்துவிட்டார்கள். ஒரே வரி: தொகைக்கு உரிய அனுமதி காட்டப்படவில்லை.

அவர்கள் தங்கவில்லை என்று யாருமே சொல்லவில்லை. சேலை வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்வி ஒன்று, நான் இருபத்துமூன்று பக்கம் எழுதிய பதில் வேறொன்று. சார்ஜ்பேக் கடிதம் வந்தால் தொகையைப் பார்க்கும் முன்னால் அதிலிருக்கும் காரண எண்ணைப் பாருங்கள் என்று நான் இப்போது எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். விசா 2018-லிருந்து தகராறுகளை நான்கு கட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 10 என்று தொடங்கினால் மோசடி. 11 என்றால் அனுமதி. 12 என்றால் இரண்டு தடவை எடுத்தது, தொகை தப்பாக அடித்தது மாதிரியான பிழைகள். 13 என்றால் பொருள் வரவில்லை, சேவை சரியில்லை என்ற வாடிக்கையாளர் குறை. என்னுடையது 11.3, அனுமதி இல்லாத தொகை. வங்கி மறுத்த பிறகும் வேறு வழியில் எடுத்திருந்தால் 11.2. மாஸ்டர்கார்டில் அனுமதி சம்பந்தப்பட்டவை எல்லாம் 4808 என்ற ஒரே எண்ணுக்குள் வரும். போட்டோவும் கையெழுத்தும் 13-க்கு உயிர். 11-க்கு அவை வெறும் ஆல்பம். அங்கே எடுபடுவது: இந்தத் தேதியில், இந்தக் கார்டுக்கு, இந்தத் தொகைக்கு வாங்கிய அப்ரூவல் கோட் (அனுமதி எண்) இதோ என்பது. இல்லாவிட்டால், அந்தப் பணத்தை நாங்கள் ஏற்கனவே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்பதற்கான சான்று. இரண்டும் கையில் இல்லையென்றால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பேசாமல் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

என் அப்பச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. “உண்டியல்ல எழுதுனதுக்கு மேல ஒரு சல்லி குடுப்பாகளா?” என்றார். ஐயா காலத்தில் ரங்கூனிலிருந்து உண்டியல், அதாவது இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதிய தாள், வரும். தாளைக் கொண்டுவந்து நீட்டினால் மட்டும் போதாது. எழுதியவரின் தனிக்கடிதம் தபாலில் முன்னாலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும். கணக்கப்பிள்ளை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொகையை விரல் வைத்துப் படித்த பிறகுதான் பெட்டியைத் திறப்பாராம். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு சேர்த்துக் காரைக்குடியிலும் கிளை திறந்தார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு ஒரு அனுமதி எண்ணுக்கு அர்த்தம் தெரியாமல் மாட்டிக்கொண்டாயே என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிரெஞ்சு அம்மாவுக்கு எழுதிப் பார்த்தேன். அவருக்கு விஷயமே தெரியாது. மூன்று வாரம் கழித்து வங்கி மூலமாகப் பணம் அனுப்பினார். நடுவிலுள்ள வங்கிகள் கழித்ததுபோக இருபதாயிரத்துச் சொச்சம் வந்தது. அது அவருடைய நல்ல குணம். அதை நம்பி வியாபாரம் பண்ண முடியாது.

இப்போது எங்கள் வழக்கம் இது. வந்த அன்று ப்ரீ-ஆத் போடும்போதே அறை வாடகைக்கு மேல் சாப்பாட்டையும் கணக்குப்போட்டுச் சேர்த்துக்கொள்கிறோம். விருந்தாளியிடம் தொகையைச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் கூடுதலாக ஒதுக்கினால் அவருக்கு வேறு இடத்தில் கார்டு ஓடாமல் நம்மைத் திட்டுவார். தங்குவது நீண்டாலோ, கடையில் ஏதாவது எடுத்தாலோ, அந்தக் கூடுதல் தொகைக்கு அப்போதே கார்டைக் கேட்டு வாங்கி, சிப்பைச் செருகி, தனி சேல் போட்டுவிடுகிறோம். ஒரு பில், இரண்டு அனுமதி, இரண்டு ஸ்லிப். விடிகாலை கிளம்புகிறவர்களுக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே கணக்கு முடிப்பு. பில் ப்ரீ-ஆத் தொகையைவிடக் குறைந்தால் மிச்சத்தை விடுவித்துவிட வேண்டும். நாம் விடுவிக்காமல் போனால் அவருடைய பணம் பல நாள் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். அதிலிருந்து வேறொரு புகார் முளைக்கும்.

அனுமதிக்கு ஆயுளும் உண்டு. மாஸ்டர்கார்டில் ப்ரீ-ஆத் என்று குறித்து வாங்கியது 30 நாள் நிற்கும், கடைசித் தொகை என்று குறித்து வாங்கியது 7 நாள்தான். கார்டுக்குக் கார்டு, தொழிலுக்குத் தொழில் இது மாறும். எனவே நாங்கள் எந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளாமல், ஆள் கிளம்பிய அன்றே முடிப்பது என்று வைத்துவிட்டோம். ஒன்றரை மாதம் முன்னால் அறை பதிவு செய்தபோது வாங்கிய அனுமதியை வைத்து, கிளம்பும் நாளில் பணம் எடுக்கும் பழக்கம் இங்கே சில விடுதிகளில் இருக்கிறது. மெஷின் விடும். பணமும் வரும். திரும்பியும் போகும்.

என் கதை இருபத்தோராயிரத்தோடு போயிற்று. என் மச்சானுடையது அப்படிப் போகவில்லை.

மச்சானுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை. அந்தத் தெருவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பித்தளை அண்டா, பெல்ஜியம் கண்ணாடி என்று இடித்த வீடுகளின் மிச்சமெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். ஒரு நாள் நல்ல உடையோடு ஒருவர் வந்து, ஒரு ஹோட்டலுக்கு அலங்காரம் செய்வதாகச் சொல்லி இரண்டு தூணும் ஒரு ரோஸ்வுட் அலமாரியும் எடுத்தார். பேரம்கூட அதிகம் பேசவில்லை. 1,85,000. வெளிநாட்டுக் கார்டை நீட்டினார். டிக்லைன். இன்னொரு தடவை. டிக்லைன். அவர் பதறவில்லை. “பெரிய தொகை என்றால் என் வங்கி இப்படித்தான் செய்யும், ஒரு நிமிஷம்” என்று போனைப் போட்டு, ஆங்கிலத்தில் பேசிவிட்டு, மச்சானிடமே போனைக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு குரல் மரியாதையாகப் பேசி, ஆறு இலக்க எண் ஒன்றைச் சொன்னது. மெஷினில் ஆஃப்லைன் சேல் என்று இருக்கும், அதில் போய் இந்த எண்ணை அடியுங்கள் என்றது. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதுகூட அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. மச்சான் அடித்தார். ஸ்லிப் வந்தது. சாமான் வேனில் ஏறியது.

ஆறு வாரம் கழித்து முழுத்தொகையும் போய்விட்டது. “மெஷினே ஒத்துக்கிட்டுச்சே மாப்ள” என்று என்னிடம் வந்து நின்றார்.

மெஷின் ஒத்துக்கொள்ளத்தான் செய்யும். ஆஃப்லைன் சேல் என்பது, நாம் வேறு வழியில் வங்கியிடம் அனுமதி வாங்கிவிட்டோம் என்று நாமே மெஷினுக்குச் சொல்வது. எந்த ஆறு இலக்கத்தை அடித்தாலும், அது ஆத்தாவின் பிறந்தநாளாக இருந்தாலும், மெஷின் நம்பும். வாடிக்கையாளருடைய வங்கிக்கு அந்த எண் போய்ச் சேரும்போது, இப்படி ஒரு அனுமதியே நாங்கள் கொடுக்கவில்லை என்று அது சொல்லும். மறுத்த கார்டில் எடுத்திருக்கிறோம் என்பதால் பதில் சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் நீட்டும் போனில் யார் பேசினாலும் அது வங்கி இல்லை. சந்தேகம் வந்தால் பேச வேண்டியது நமக்கு மெஷின் கொடுத்த வங்கியோடு, மெஷின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணில், நம் போனில். மச்சான் அதன் பிறகு வங்கியில் எழுதிக்கொடுத்து ஆஃப்லைன் சேல் என்ற வசதியையே அடைத்துவிட்டார். உங்கள் மெஷினில் அது திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். எங்கள் மெஷினில் திறந்துதான் இருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

டிக்லைன் என்றால் என்ன செய்வது என்பதில் நம் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 90,000 போகவில்லையா, 30,000 மூன்று தடவை போட்டுப் பார். சில நேரம் போகவும் போகும். வங்கி ‘வேண்டாம்’ என்று சொன்னதை நாம் துண்டுபோட்டு நுழைத்ததாகத்தான் அது பதிவாகும். கார்டு நிறுவனங்களின் விதியும் அதை அனுமதிப்பதில்லை. பின்னால் தகராறு வந்தால் மூன்று ஸ்லிப்பும் நமக்கு எதிரான சாட்சி. மெஷினில் வரும் எண்ணைக் கவனித்தாலே பாதித் தொல்லை குறையும். 51 என்றால் இருப்பு போதாது. 54 என்றால் கார்டு காலாவதி. 91 என்றால் அந்த வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பப் போடலாம். 05 என்றால் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டது. வேறு கார்டு கேளுங்கள். 41, 43 என்றால் தொலைந்த கார்டு, திருட்டுக் கார்டு. அதற்கு மேல் அந்தக் கார்டைத் தொடக்கூடாது.

நம் நாட்டுக் கார்டு என்றால் பெரும்பாலும் விஷயம் சின்னது. 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, எவ்வளவு வரை செலவு செய்யலாம், எந்த வகையில் செய்யலாம் என்பதைக் கார்டு வைத்திருப்பவரே போனில் திறந்து மூடிக்கொள்ளலாம். பலர் ஒரு காலத்தில் வரம்பைக் குறைத்துவைத்துவிட்டு மறந்திருப்பார்கள். “ஆப்ல லிமிட் பாருங்க சார்” என்று தம்பி சொன்னால் பத்தில் பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான சங்கடம் ஒன்று இருக்கிறது. ஸ்லிப் வராது, வாடிக்கையாளர் போனில் பணம் போனதாக மெசேஜ் வந்துவிடும். எங்கள் பகுதியில் காற்றடித்தாலே நெட்வொர்க் போகும் என்பதால் மாதம் ஒன்றாவது நடக்கும். ஒரு பெரியவர், பேரக்குழந்தைகள் முன்னால், “நான் என்ன பொய்யா சொல்றேன்?” என்று போனைத் தம்பி முகத்துக்கு நேராக நீட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கணக்கிலிருந்து போயிருக்கிறது, ஆனால் அனுமதி எங்கள் மெஷினுக்கு வந்து சேரவில்லை. அனுமதி வராத அந்த நடவடிக்கையில் எங்களுக்குப் பணம் வராது. அவசரப்பட்டுத் திரும்பத் தேய்க்கவும் கூடாது. இரண்டு தடவை எடுத்ததாகிவிடும். முதலில் மெஷினிலேயே கடைசி நடவடிக்கையின் நிலையைப் பார்க்க வேண்டும், டூப்ளிகேட் ஸ்லிப் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவைச் சொல்லுவோம்: ஸ்லிப் வராமல் பணம் மட்டும் போயிருந்தால் நடவடிக்கை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். இதைத் தமிழில் அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். வாயால் சொன்னால் சண்டை, அச்சில் இருந்தால் படிக்கிறார்கள். அந்தப் பெரியவர் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மகனைக் கூப்பிட்டு யு.பி.ஐ.-யில் போடச் சொன்னார். நான்காம் நாள் பணம் திரும்பிவந்ததென்று அவரே போன் செய்தார்.

ஸ்லிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பழைய நடவடிக்கையின் ஸ்லிப்பைத் தேடி, பெட்டகத்தைத் திறந்தேன். கணக்குச் சீட்டுகளை அந்த இரும்புப் பெட்டியில் போடுவது வீட்டுப் பழக்கம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக, மாத வாரியாக, அழகாகத்தான் இருந்தன. ஒரு கட்டைப் பிரித்தால் எல்லாம் வெள்ளைத் தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அங்கங்கே சாம்பல் நிறத்தில் எங்கள் கடைப் பெயரின் நிழல். மெஷின் ஸ்லிப் மையால் அச்சாவதில்லை, சூட்டால் கறுக்கும் தாள் அது. எங்கள் ஊர் வெயிலில், இரும்புப் பெட்டிக்குள், ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. அதே பெட்டியின் அடித்தட்டில் ஐயாவின் ரங்கூன் கடிதங்கள் எழுத்து மங்காமல் கிடந்தன.

அன்றிலிருந்து ஸ்லிப் வந்த கையோடு போட்டோ எடுத்துவிடுகிறோம். தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு எண், ஆறு இலக்க அப்ரூவல் கோட், வங்கி அந்த நடவடிக்கையைத் தேடிப் பார்க்கும் பன்னிரண்டு இலக்க எண்ணான ஆர்.ஆர்.என். ஐந்தும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். படத்தின் பெயர் பில் எண். பில்லின் மூலையில் அப்ரூவல் கோடைப் பேனாவால் எழுதிவிடுவதும் உண்டு. இது அப்பச்சியின் யோசனை. கார்டின் முழு எண்ணையோ பின்னால் உள்ள மூன்று இலக்கத்தையோ எங்கேயும் எழுதக்கூடாது, போட்டோவும் எடுக்கக்கூடாது. முன்பெல்லாம் விருந்தாளி வசதிக்காக என்று ரெஜிஸ்டரில் எழுதிவைத்திருக்கிறோம். அந்தப் பக்கங்களைக் கிழித்து எரித்தேன்.

பேட்ச் முடிப்பது இன்னொன்று. நாள் முழுக்க எடுத்த நடவடிக்கைகளை மெஷின் ராத்திரி வங்கிக்கு அனுப்பி செட்டில்மென்ட் செய்ய வேண்டும். எங்களுடையது தானாகச் செய்யும் வகைதான். ஆனால் மெஷின் உயிரோடு இருந்தால்தானே? ஒரு பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விட்டோம். மெஷின் சார்ஜ் இறங்கி மேஜை இழுப்பறைக்குள் ஒன்பது நாள் கிடந்தது. நல்லவேளை, அதில் இருந்தது மூன்றே மூன்று நடவடிக்கை, மூன்றும் ஓடிவிட்டன. அனுமதி காலாவதியான பிறகு போய்ச் சேர்ந்திருந்தால், கார்டு நடுவில் மூடப்பட்டிருந்தால், அதுவும் இதே 11-ஆம் கட்டுதான். இப்போது ராத்திரி பூட்டும் முன்னால் தம்பி செட்டில்மென்ட் ஸ்லிப்பை எடுத்து அன்றைய பில்களோடு சேர்த்துக் குத்துகிறான்.

வங்கியில் மெயில் முகவரியை மாற்றினோம். அதோடு இன்னொன்றையும் மாற்றினோம்: வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்டில் வரும் பெயர். மெஷின் வாங்கிய காலத்தில் மில் கணக்கோடு இணைத்ததால், நான்கு நாள் செட்டிநாட்டு வீட்டில் தங்கிவிட்டுப் போன வெள்ளைக்காரருக்கு ஸ்டேட்மென்டில் ஒரு மாடர்ன் ரைஸ் மில் பெயர் வந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை பேரும் தகராறு செய்யாமல் விட்டதுதான் அதிசயம்.

தகராறு வந்துவிட்டால் ஒரு எச்சரிக்கை. பாவம் என்று நாமாகப் பணத்தைத் திருப்பிப் போடக்கூடாது. சார்ஜ்பேக்கில் ஒரு தடவை, நம் ரீஃபண்டில் ஒரு தடவை என்று இரண்டாகப் போகும். மச்சான் தெருவில் ஒருவருக்கு அப்படிப் போய், இரண்டாவதை மீட்க ஆறு மாதம் அலைந்தார். ரீஃபண்ட் கொடுப்பதாக இருந்தால் தகராறு வருவதற்கு முன்னால், அதே கார்டுக்கு, மெஷின் வழியாக. கையில் காசாகக் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை.

எத்தனை நாள் பயந்துகொண்டிருக்க வேண்டும் என்று மச்சான் கேட்பார். அனுமதித் தகராறுக்கு விசாவில் 75 நாள், மாஸ்டர்கார்டில் 90 நாள். மற்ற வகைகளில் பலவற்றுக்கு 120 நாள் வரை போகும். நமக்குப் பதில் சொல்லக் கிடைப்பது மட்டும் சில நாள்தான், அதுவும் மெயிலைப் பார்த்தால்.

போன வாரம் எங்களுக்கு இன்னொன்று வந்தது. 4808. மொத்தப் பில் 33,900, அதில் 8,900-க்கு அனுமதி இல்லை என்று. இந்தத் தடவை போட்டோவும் நன்றிக் கடிதமும் அனுப்பவில்லை. 25,000-க்கு ஒரு ஸ்லிப், கிளம்பும் முதல் நாள் ராத்திரி சிப்பைச் செருகிப் போட்ட 8,900-க்கு ஒரு ஸ்லிப், இரண்டுக்கும் தனித்தனி அப்ரூவல் கோட், அந்தந்த நாளின் செட்டில்மென்ட் ஸ்லிப். நான்கு படம், மூன்று வரிக் கடிதம். மெயில் வந்த அன்று சாயங்காலமே அனுப்பியாகிவிட்டது. பிடித்த பணம் இன்னும் பிடித்தபடியேதான் இருக்கிறது. தம்பி தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு முதல் வேலையாக மெயிலைத் திறக்கிறான். “இன்னைக்கும் வரலண்ணே.”